ஜன்னல் வந்த பின் வந்த தையல்

1896இல் பம்பாயைத் தாக்கிய பிளேக் நோய்க்கு நெரிசலான குடியிருப்புகளே காரணம் என்ற கருத்து வலுப்பட்டதன் விளைவாக, 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. பின்னர் மாட்டுங்கா, தாதர் பகுதிகளில் குடியிருப்புகளைத் திட்டமிட்ட அந்த அமைப்பு, வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் 63.5 பாகை என்ற அளவுகோலைக் கைக்கொண்டது. சுவரின் அடியிலிருந்து எதிர்க்கட்டடத்தின் உச்சிக்கு இழுக்கும் கோடு தரையோடு அந்தக் கோணத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. எதிர்க்கட்டடத்தின் உயரத்தில் ஏறக்குறைய பாதியளவாவது நடுவே வெற்றிடம் வேண்டும் என்பது அதன் நடைமுறைப் பொருள். ஜன்னலுக்கு இவ்வாறு பாதுகாப்புக் கிடைத்தது. ஜன்னலுக்குள் இருப்பவர்களை எதிர்வீட்டாரின் பார்வையிலிருந்து காப்பது குடியிருப்போரின் பொறுப்பாயிற்று.

அக்காலத்தில் உழைக்கும் மக்களின் பொதுவான குடியிருப்பு சால் எனப்பட்டது. அது பொது நடைவழியை ஒட்டி வரிசையாக அமைந்த ஓரறை வீடுகளைக் கொண்டது. 1920களில் அரசு கட்டிய பி.டி.டி. சால்களில் ஓர் அறையின் பரப்பு சுமார் 160 சதுர அடி. காற்றுக்காகப் பகலில் கதவைத் திறந்தே வைக்கும் அத்தகைய வீட்டில் திரைச்சீலைக்கு உரிய இடம் வாசல்தான். குளியலறையும் கழிப்பறையும் வீட்டுக்குள்ளேயே அமைந்த மாட்டுங்கா ஃபிளாட்டுகளில் 1920, 1930களில் தென்னிந்தியக் குமாஸ்தாக் குடும்பங்கள் குடியேறியபோதோ, அறைதோறும் ஜன்னல் இருந்தது. வாடகைக் குடும்பம் வீடு மாறினால் ஜன்னலின் உயரமும் மாறியது; திரையை வெட்டுவதா, மடிப்பதா என்ற கேள்வியும் கூடவே வந்தது.

இந்த வேலையை வீட்டுக்குள் கொண்டுவந்தது தையல் மெஷின். 1851இல் காப்புரிமை பெற்ற சிங்கர் இயந்திரம் அந்நூற்றாண்டின் இறுதிக்குள் இந்தியாவில் தவணை முறையில் விற்கப்பட்டது. 1930களில் கல்கத்தாவிலிருந்து உஷா வந்தது. இயந்திரங்களைக் கடுமையாக விமர்சித்த காந்தி, 1924இல் சிங்கர் மெஷினுக்கு விலக்கு அளித்தார்; மனைவி கையால் தைத்துக் களைத்ததைக் கண்டு இரங்கியே சிங்கர் அதை உருவாக்கினார் என்பது அவருடைய நம்பிக்கை. 

கருவி புதிதாயினும் நுட்பம் பழையது. வளரும் பெண்ணின் பாவாடையில் டக் பிடித்து, அதாவது அதிகத் துணியைக் கிடைமட்டமாக மடித்துத் தைத்து, உயரம் கூடும்போது ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவது தமிழ் வீடுகளின் நெடுநாள் வழக்கம்; நீளமான திரைக்கும் அதே உபாயம் பொருந்தியது. கத்திரி பட்ட துணி திரும்ப வளராது என்பதால், வெட்டுவதற்கு முன் பருத்தித் துணியை நனைத்துக் காயவைத்து, சுருங்க வேண்டியதைச் சுருங்கவிட்டு, கம்பியில் மாட்டித் தொங்கவிட்ட நிலையில் குண்டூசியால் அளவைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு வெட்டுமுனை உள்ளே மறையும்படி ஓரத்தை இருமுறை மடித்து அடிப்பார்கள். தையல் முகப்பில் தெரியக் கூடாதென்றால் ஓரிரு இழைகளை மட்டும் ஊசியில் கோத்துச் செல்லும் கைத்தையலான ஹெம்மிங்கே உகந்தது. மெஷின் தையல் விரைவானது, ஆனால் முகப்பில் கோடு தெரியும்.

மாட்டுங்காவை அடுத்த தாராவியில் இதே தையல் கூலி வேலையாக இருந்தது. 1887 முதல் தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்ற, திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்தோர் பெருமளவில் குடியேறிய அப்பகுதியில், 1971இல் நகரின் இறைச்சிக்கூடம் தேவ்னாருக்கு மாறிய பின் தோல்பதனிடுதல் தளர்ந்தது. 1982 ஜனவரியில் தொடங்கிய பஞ்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குப் பின் நகரின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட, ஆயத்த ஆடைத் தையல் சிறு பட்டறைகளிலும் பரண்களிலும் பெருகியது. அங்கே வெட்டுபவர், தைப்பவர், காஜா எடுப்பவர், பிசிறு நூல் நறுக்குபவர் எனக் கைகள் பிரிந்திருக்கும். கூலி பீஸ் கணக்கில். வீட்டுப் பெண்ணின் ஓரத்தையலுக்கோ கூலியே கிடையாது என்பதால், வரலாற்று ஆவணங்களில் அது அரிதாகவே இடம்பெறுகிறது.

இன்று செம்பூர்க் கடைகளிலும் ஆயத்தத் திரைகள் கிடைக்கின்றன. இந்தியச் சந்தையில் அவற்றின் வழக்கமான நீளங்கள் ஜன்னலுக்கு 5 அடி, கதவுக்கு 7 அடி, உயர்ந்த கதவுக்கு 9 அடி. கரூர் போன்ற நெசவு நகரங்களில் தறியிலிருந்து இறங்கும் துணிக்கு மும்பை ஜன்னலின் அளவு தெரியாது. 1995ஆம் ஆண்டின் குடிசை மறுவாழ்வுத் திட்டம் வகுத்த 225 சதுர அடி வீட்டின் ஜன்னலுக்கு 5 அடித் திரையும் பெரும்பாலும் நீளமே. பீரோவை ஒட்டி வைத்திருக்கும் மெஷினிலோ, தெருமுனையில் புடவைக்கு ஃபால் தைத்து பீடிங் செய்து தருபவரிடமோ அந்த மிச்ச நீளம் மடிக்கப்படுகிறது.