கசட்டைக் காத்த கதை

கோப்பெங் மலைச்சாரலினின்று இரும்புக் குழாய்களில் நீரை இறக்கி, அதன் விசையால் மண்ணைக் கரைத்து ஈயத்தைப் பிரிக்கும் முறை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கிந்தாப் பள்ளத்தாக்கில் வேரூன்றிவிட்டது. நீரைக் கொணரும் கலையில் தேர்ந்த வட்டாரம் இது. ஆயினும், பயன்பட்டுக் கலங்கிய நீரை என் செய்வது என்னும் வினா அக்காலத்தில் பின்னுக்கே தள்ளப்பட்டது.

அவ்வினாவைத் தள்ளிவைக்க இயலாத நகரம் ஒன்று இங்கிலாந்தில் இருந்தது. பருத்தி ஆலைகள் மலிந்த மான்செஸ்டரே அது. அந்நகராட்சி 1894இல் டேவிஹியூம் என்னுமிடத்தில் சாக்கடை நீரைத் தூய்மை செய்யும் நிலையத்தைத் திறந்தது. கற்படுகைகளின் வழியே நீரை ஒழுகவிடுவதே அன்றைய முறை. மக்கள் பெருகப் பெருகப் படுகைக்கு வேண்டிய நிலமும் பெருகிற்று.

கில்பர்ட் ஃபௌலர் என்னும் வேதியலறிஞர் அந்நிலையத்தில் பணியாற்றியவர். பின்னர் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிர் வேதியியலைக் கற்பித்துக்கொண்டே நகராட்சிக்கும் ஆலோசகராக விளங்கினார். 1912இல் அமெரிக்கா சென்ற அவர், மாசசூசெட்ஸ் மாநிலத்து லாரன்ஸ் ஆய்வு நிலையத்தில் கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்திப் பார்ப்பதைக் கண்டார். ஊர் திரும்பியதும், நகராட்சியின் வேதியலர்களான எட்வர்ட் ஆர்டர்ன், வில்லியம் லாக்கெட் இருவரிடமும் அச்சோதனையைச் செய்து பார்க்குமாறு கூறினார்.

இருவரும் குடுவையில் கழிவுநீரை நிரப்பிக் காற்றை ஊதினர். நீர் முற்றும் தூய்மையடைய ஏறத்தாழ ஐந்து வாரம் பிடித்தது! நாள்தோறும் வெள்ளமெனச் சாக்கடை வந்து சேரும் ஒரு நகரத்திற்கு இம்முறையால் யாது பயன்? ஆனால் அவர்கள் அத்துடன் விடவில்லை. தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் தங்கிய கசட்டை அப்படியே வைத்து, அதன்மேல் புதிய கழிவுநீரை ஊற்றி மீண்டும் காற்றூதினர். இங்ஙனம் பன்முறை செய்யச் செய்யக் கசடு பெருகிற்று, காலமோ குறுகிற்று. இறுதியில் 24 மணி நேரத்திற்குள்ளாகவே நீர் தெளிந்தது.

கசடு என்றால் நீக்கத் தக்கது என்றே குறள் பயின்ற நமக்குத் தோன்றும். இங்கோ கசடே கருவி. அதில் குடியேறிய கோடானுகோடி நுண்ணுயிர்களே அழுக்கை உணவாகக் கொண்டு நீரைத் தெளிவித்தன. முன்னெல்லாம் கசட்டைக் கொட்டிவிட்டு ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கினமையாலன்றோ காலம் நீண்டது?

1914 ஏப்ரல் 3ஆம் நாள் வேதியியல் தொழிற் கழகத்தின் மான்செஸ்டர் கூட்டத்தில் ஆர்டர்னும் லாக்கெட்டும் தம் முடிவை வெளியிட்டனர். வழிகாட்டிய பேராசிரியரின் பெயர் கட்டுரையாசிரியர் வரிசையில் இல்லை. குடுவையருகே காத்திருந்தவர் பெயரே நின்றது. கல்வியுலகில் இஃது அரிய பண்பு. அடுத்து நிகழ்ந்ததோ அத்துணைச் சிறப்புடையதன்று. நகராட்சியின் கூடத்தில் பிறந்த முறைக்குத் தனி நிறுவனத்தார் காப்புரிமை பெற்றனர்; 1930களில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் அவ்வுரிமை வழக்கில் தோற்றது.

ஃபௌலர் 1916இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திற்கு வந்து சேர்ந்தார். 1921இல் அங்கு உயிர்வேதியியல் துறை அவர் தலைமையில் தோன்றியது. நெடுங்காலம் பயிரிட்டு வளமிழந்த நிலங்களைக் கண்ட அவர் கருத்து, கழிவில் வீணாகும் நைட்ரசனை மண்ணுக்கு மீட்பதில் சென்றது. 1934இல் அவர் எழுதி வெளிவந்த நூலும் அப்பொருள் பற்றியதே. நீரைத் தூய்மை செய்யப் புறப்பட்டவர் உழவனிடம் வந்து நின்றார்.

மலேசியாவில் 1994 முதல் கழிவுநீர்ப் பணியை ஏற்று நடத்தும் இண்டா வாட்டர் நிறுவனத்தின் காற்றூதும் நிலையங்களிலும் இம்முறையே வழங்குகிறது. தெளிந்த நீர் ஒருபுறம் ஆற்றை நோக்கிச் செல்ல, அடியில் தங்கும் கசட்டின் ஒரு பகுதி, அடுத்து வரும் கழிவுநீருக்காக மீண்டும் தொட்டிக்கே அனுப்பப்படுகிறது.