கப்பலும் கடனாளியும்: மலாக்காக் கடல் வணிகத்தில் கடன் மீட்பு

முன்னுரை

கடன் பட்ட ஒருவர் நிலத்தில் இருந்தால் அவரைத் தேடிப் பிடிக்கலாம். கடலில் வாழும் கடனாளியோ இன்று துறைமுகத்தில் இருப்பார். நாளை காற்றோடு போய்விடுவார். இச்சிக்கலுக்கு ஆங்கிலேயரின் அட்மிரல்டி சட்டம் கண்ட தீர்வு, கப்பலையே கடனாளியாகக் கருதித் தடுத்து வைப்பதாகும். இச்சட்டம் வருவதற்கு முன் மலாக்காவில் வணிகம் செய்த தமிழர், கடலில் போன கடனை எவ்வாறு மீட்டனர்? அவர்களுடைய முறைக்கும் ஆங்கிலேயர் முறைக்கும் அடிப்படையில் என்ன வேறுபாடு? இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சோழமண்டலக் கரையின் கடன் வட்டம்

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அங்கு நிலவிய கடன் மீட்பு வழக்கம் ஒன்றைப் பதிவு செய்துள்ளார். பலமுறை கேட்டும் கடனைத் திருப்பித் தராதவரைக் கண்ட இடத்தில், கடன் கொடுத்தவர் அவரைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் வரைவார். கடனைத் தீர்க்காமல், அல்லது தக்க ஈடு காட்டாமல், அவ்வட்டத்தைத் தாண்டுபவர் மரண தண்டனைக்கு உரியவர். அயல்நாட்டு வணிகர் ஒருவர் குதிரை மேலிருந்த அரசரைச் சுற்றியே வட்டமிட்டதையும், அவ்வணிகருக்குரியது கிடைக்கும்வரை அரசர் அசையாமல் நின்றதையும் தாம் கண்டதாக அவர் எழுதுகிறார்.

இங்கே இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. ஒன்று, கடற்கரை வணிகத்தில் அயலாருக்கும் உள்ளூராருக்கும் ஒரே நீதி வழங்கப்பட்டது. மற்றொன்று, தடுத்து வைக்கப்பட்டது பொருளன்று, ஆள்.

அதே நூற்றாண்டில், 1244இல், காகதீய மன்னர் கணபதிதேவர் மோட்டுப்பள்ளித் துறையில் ஓர் அபய சாசனம் பொறித்தார். புயலில் சிக்கிக் கரையொதுங்கிய கப்பல்களின் சரக்கை முன்னைய அரசர்கள் பறித்துக்கொண்டனர் என்றும், தாம் உரிய சுங்கம் தவிர வேறெதுவும் கொள்வதில்லை என்றும் அதில் அவர் உறுதியளித்தார். காரணமின்றிக் கப்பலைப் பறிக்கும் துறைக்கு வணிகர் வாரார் என்பதை அரசர்கள் உணர்ந்திருந்தனர் என்பது இதனால் விளங்கும்.

மலாக்காவின் ஏற்பாடு

1512 முதல் 1515 வரை மலாக்காவில் இருந்த போர்த்துகீசியர் தோமே பிரெஸ், அத்துறையின் வணிக முறைகளை விரிவாக எழுதியுள்ளார். துறைமுகத்தில் நான்கு ஷாபண்டார்கள் இருந்தனர். அவர்களுள் ஒருவர் ‘கிலிங்’ என்று அழைக்கப்பட்ட சோழமண்டலக் கரையினரையும் வங்காளம், பெகு, பாசாய் வணிகரையும் கவனித்தார். வந்திறங்கும் சரக்கை மதிப்பிடும் பத்து வணிகருள் ஐவர் கிலிங் வணிகராக இருந்தனர்.

கடன் முறையும் அவர் நூலில் காணப்படுகிறது. மலாக்காவிலுள்ள வணிகர் 100 குருசாடோ பெறுமான சரக்கைக் கப்பல் உடையவரிடம் கொடுத்துக் கடல் இடரைத் தாமே ஏற்றால், கப்பல் திரும்பியதும் 140 பெறுவார். கப்பல் துறையை அடைந்த 44ஆம் நாளில் பணம் செலுத்த வேண்டும் என்பது மலாக்காவின் விதி. கப்பல் மூழ்கினால் கடனும் மூழ்கும். ஆகவே, கப்பலின் வருகையே கடனைப் பிறப்பிக்கும் நிகழ்ச்சி எனலாம். கப்பலை ஈடாக வைத்துப் பெறும் கடனை ஆங்கிலேயரும் இதே அடிப்படையில் அமைத்திருந்தனர்.

இத்தகைய வணிகத்தின் உச்சியில் நின்றவர், போர்த்துகீசிய ஆவணங்களில் ‘நினா சாத்து’ எனக் குறிக்கப்படும் தமிழ் வணிகர். 1511க்குப் பின் அவர் பெண்டஹாரா பதவி பெற்றார். போர்த்துகீசிய அரசோடு பங்கு சேர்ந்து பெகுவுக்குக் கப்பல் அனுப்பினார். 1514இல் பதவி பறிபோனபோது தீப்பாய்ந்து உயிர் துறந்தார். கடன் முழுவதும் ஒருவரின் பெயரையும் மதிப்பையும் நம்பி நடந்த உலகில், மதிப்பிழப்பு எத்தகைய இழப்பு என்பதை அவருடைய முடிவு உணர்த்துகிறது.

சுல்தான் மாமூட் ஷா காலத்தில் தொகுக்கப்பட்டதாகக் கூறப்படும் ‘உண்டாங்-உண்டாங் லாவுட்’ என்னும் கடற்சட்டமும் ஆளையே மையமாகக் கொண்டது. கடலில் நாக்கோடா அரசருக்கு ஒப்பானவர். புயலில் சரக்கை எறிய நேர்ந்தால் இழப்பை அனைவரும் அவரவர் சரக்குக்கு ஏற்பப் பகிர வேண்டும். கடன்பட்டவர் கடன் கொடுத்தவருக்கு உழைக்கக் கட்டுப்பட்டவராகக் கப்பலில் இடம்பெறுகிறார்.

ஆங்கிலச் சட்டத்தின் வருகை

1826ஆம் ஆண்டு நீதிச் சாசனத்தால் பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா ஆகியவற்றுக்கு ஒரே நீதிமன்றம் அமைந்தது. 1837இல் அதற்கு அட்மிரல்டி அதிகாரமும் வழங்கப்பட்டது. அதன்பின் வழக்கைக் கப்பலின் மீதே தொடுக்க முடிந்தது. நீதிமன்ற ஆணையைக் கப்பலில் ஒட்டுவர். உரிமையாளர் பிணை கட்டினால் கப்பல் விடுவிக்கப்படும். இன்றேல் ஏலத்தில் விற்கப்பட்டு, வந்த பணம் வரிசைப்படி பங்கிடப்படும். அவ்வரிசையில் மாலுமிகளின் கூலி, அடமானக் கடனுக்கு முன் நிற்கிறது.

1964ஆம் ஆண்டு நீதிமன்றச் சட்டத்தின் 24ஆம் பிரிவு மலேசிய உயர்நீதிமன்றத்துக்கு இவ்வதிகாரத்தை அளிக்கிறது. 2010இல் கோலாலம்பூரில் தனி அட்மிரல்டி நீதிமன்றமும் அமைந்தது. இந்தியாவில் ‘எலிசபெத்’ என்னும் கப்பல் தொடர்பான வழக்கில் 1992இல் உச்ச நீதிமன்றம் உயர்நீதிமன்றங்களின் இவ்வதிகாரத்தை விரிவாக விளக்கியது. 2017இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

கப்பலில் ஒரு நீதி, தோட்டத்தில் ஒரு நீதி

ஆளை விடுத்துக் கப்பலைப் பிடித்ததை மனிதநேய வளர்ச்சி என்று கொள்ளத் தோன்றும். ஆயின் மலாக்காவின் வரலாறு அவ்வளவு எளியதன்று. அதே ஆட்சியின் கீழ், அதே கடல் வழியே வந்த தமிழ்த் தொழிலாளர் ஒப்பந்தத்தாலும் முன்பணத்தாலும் கட்டுண்டனர். கப்பற் கட்டணம் அவர்கள் கணக்கில் கடனாக எழுதப்பட்டது; ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தை விட்டுச் செல்வது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஒப்பந்தக் கூலி முறைக்கான ஆள் சேர்ப்பு 1910இல்தான் நிறுத்தப்பட்டது. மாலுமியின் கூலிக்குக் கப்பலே ஈடாக நின்ற காலத்தில், அக்கப்பலில் வந்த தொழிலாளியின் கடனுக்கு அவருடைய உடலுழைப்பே ஈடாக நின்றது.

முடிவுரை

வணிகச் சட்டம் ஆங்கிலேயரோடுதான் மலாக்காவுக்கு வந்தது என்னும் கருத்து ஏற்கத்தக்கதன்று என்பது மேற்கூறியவற்றால் பெறப்படும். இடர்ப் பகிர்வு, கடன் தவணை, மதிப்பீட்டுக் குழு ஆகியவற்றைத் தமிழ் வணிகர் அதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே இத்துறையில் கையாண்டனர். ஆங்கிலச் சட்டம் புதிதாகக் கொணர்ந்தது, கடனை ஆளிடமிருந்து பிரித்துக் கப்பலில் ஏற்றும் முறையை. அப்பிரிவின் பயன் எவருக்குக் கிட்டியது, எவருக்கு மறுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துக் கற்பிக்கும்போதே வணிகர் வரலாறும் தோட்டத்து மக்களின் வரலாறும் ஒரே வரலாறாக மாணவர்க்குப் புலப்படும்.