தண்டித்தால் மட்டுமே கூலி: அமெரிக்கச் சிற்றூர் மேயர்களின் ஊதியக் கணக்கும் நடுவுநிலைமை விதியின் வளர்ச்சியும்

முன்னுரை

1920களில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், நார்த் காலேஜ் ஹில் என்ற சிற்றூரின் மேயர் பியூ முன்னிலையில் டூமி என்பவர் நிறுத்தப்பட்டார். சட்டத்துக்குப் புறம்பாக மது வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. ஊரின் மேயரே வழக்கை விசாரிக்கும் நீதிபதி. அவர் 100 டாலர் அபராதம் விதித்தார். அபராதத்தையும் நீதிமன்றச் செலவையும் கட்டித் தீர்க்கும்வரை சிறையில் இருக்க வேண்டும் என்றார். அந்தச் செலவுத் தொகையில் 12 டாலர் மேயரின் சொந்த வரும்படி. டூமியை விடுதலை செய்திருந்தால் அது அவருக்குக் கிடைத்திருக்காது.

இந்த 12 டாலரைப் பற்றிய வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1927 மார்ச் 7 அன்று வந்த ‘டூமி எதிர் ஒஹையோ’ தீர்ப்பு, ஓர் உள்ளூர் அதிகாரியின் ஊதியம் கணக்கிடப்படும் முறையே குடிமகனின் அரசியலமைப்பு உரிமையைப் பறிக்கக்கூடும் என்று நிலைநாட்டியது. அந்தத் தீர்ப்புக்கு முந்தைய நிலையையும், பின்வந்த ஒரு நூற்றாண்டில் அதன் விதி படிப்படியாக விரிந்த விதத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது. நடுவுநிலைமையை நாம் பெரும்பாலும் தனிமனிதரின் குணமாகவே போற்றிவருகிறோம். அது அவருடைய சம்பளக் கணக்கிலும் இருந்தாக வேண்டும் என்பதே இவ்வழக்குகளின் வரலாறு காட்டும் உண்மை.

கட்டணமே ஊதியமாக இருந்த காலம்

செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே கட்டணம் பெறுவது ஆங்கிலேய, அமெரிக்க ஆட்சிமுறைகளில் நெடுங்காலம் இயல்பாக இருந்தது. 1388ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டமொன்று அமைதி காக்கும் நீதிபதிகளுக்கு அமர்வு நாளொன்றுக்கு 4 ஷில்லிங் ஊதியம் வகுத்தது. அபராத வசூலிலிருந்தே அது கொடுக்கப்பட்டது. ஆயினும், எதிரே நிற்பவர் தண்டிக்கப்பட்டாலும் விடுவிக்கப்பட்டாலும் அன்றைய கூலி ஒன்றுதான். இந்த நுட்பமான வேறுபாடு பிற்கால வழக்குகளைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது.

அபராதத்தில் தீர்ப்பளிப்பவருக்கே பங்கு இருந்தால் என்னவாகும் என்ற கேள்வி 1610இல் ‘டாக்டர் போனம்’ வழக்கில் எழுந்தது. லண்டன் மருத்துவர் கல்லூரி, தன் அனுமதியின்றி மருத்துவம் பார்த்தவரைத் தானே விசாரித்துத் தானே அபராதம் விதித்தது; அபராதத்தில் பாதி மன்னருக்கு, மறுபாதி கல்லூரிக்கே. தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்க இயலாது என்று நீதிபதி எட்வர்ட் கோக் அதைக் கண்டித்தார்.

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் இந்நோய் முற்றியிருந்தது. வழக்குகளைப் பெருக்கிக் கட்டணத்தில் வாழ்ந்தவர்களை மக்கள் ‘வணிக நீதிபதிகள்’ என்று இகழ்ந்தார்கள். போ ஸ்ட்ரீட்டில் மாஜிஸ்ட்ரேட்டாக இருந்த நாவலாசிரியர் ஹென்றி ஃபீல்டிங், ஏழைகளின் சச்சரவுகளை ஊதிப் பெரிதாக்காமல் சமாதானம் செய்துவைத்ததால் ஆண்டுக்கு 500 பவுண்டாக இருந்த வரும்படி ஏறத்தாழ 300 பவுண்டாகச் சுருங்கியது என்று, அவர் மறைவுக்குப்பின் 1755இல் வெளிவந்த லிஸ்பன் பயணக் குறிப்பில் பதிவுசெய்தார். நேர்மையாளர் நட்டப்படுவதும் மற்றவர் செழிப்பதும் அம்முறையின் இயல்பான விளைவு. 1792இல் இயற்றப்பட்ட மிடில்செக்ஸ் நீதிபதிகள் சட்டம் ஏழு அலுவலகங்களை நிறுவி, ஒவ்வொன்றிலும் மூன்று மாஜிஸ்ட்ரேட்டுகளை அமர்த்தி, ஆளுக்கு ஆண்டுக்கு 400 பவுண்டு நிலையான சம்பளம் தந்தது. ஆட்களை நல்லவர்களாக மாற்ற முயல்வதைவிடக் கணக்கை மாற்றுவது பயன்தரும் என்பதை நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டதற்கு இச்சட்டம் சான்று.

அமெரிக்காவில் கட்டண முறையிலிருந்து சம்பள முறைக்கான மாற்றம் 1780 முதல் 1940வரை நீண்டது. சட்ட வரலாற்றாய்வாளர் நிக்கோலஸ் பாரில்லோ 2013இல் வெளியிட்ட நூலில் இம்மாற்றத்தை விரிவாக ஆராய்ந்துள்ளார். மக்கள் வேண்டிப் பெறும் சேவைக்கான கட்டணத்தையும், மக்கள் விரும்பாததை அவர்கள்மீது சுமத்துவதற்கான வெகுமதியையும் அவர் பிரித்துக் காட்டுகிறார். ஒஹையோ மேயரின் 12 டாலர் இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

நார்த் காலேஜ் ஹில்லின் வரவுசெலவு

மதுவிலக்கை நடைமுறைப்படுத்த ஒஹையோ இயற்றிய சட்டம், முதல் குற்றத்துக்கு 100 முதல் 1,000 டாலர்வரை அபராதம் விதித்தது. முதல் குற்றத்துக்குத் தண்டனையாகச் சிறை இல்லை என்பதால் ஜூரி விசாரணையும் இல்லை. மேயர் ஒருவரே முடிவுசெய்வார். அபராதத்தில் பாதி மாநிலத்துக்கு, மறுபாதி வழக்கு நடந்த ஊருக்கு. அத்துடன், சிற்றூர் மேயரின் அதிகார எல்லை மாவட்டம் முழுவதும் நீண்டது. நார்த் காலேஜ் ஹில்லின் மக்கள்தொகை 1,104. சின்சினாட்டி நகரை உள்ளடக்கிய ஹாமில்டன் மாவட்டத்தின் மக்கள்தொகையோ ஐந்து லட்சத்துக்கு மேல். ஆயிரம் பேர் வாழும் ஊர், ஐந்து லட்சம் பேரிடம் அபராதம் வசூலிக்க வழி பிறந்தது.

ஊர்மன்றம் இதற்கென்றே விதி இயற்றியது. தன் பங்கு அபராதத்தில் பாதியைத் தனி நிதியாக ஒதுக்கி, அதிலிருந்து வழக்கு நடத்தும் வழக்கறிஞருக்கும் துப்பறிவோருக்கும் பணம் கொடுத்தது. மேயர் தம் வழக்கமான சம்பளத்துக்கு மேல் ஒவ்வொரு வழக்கின் செலவுத் தொகையையும் வைத்துக்கொள்ளலாம்.

1923 மே 11 முதல் டிசம்பர் 31வரையான கணக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. எட்டு மாதம்கூட நிறையாத அக்காலத்தில் இந்த நீதிமன்றம் வசூலித்தது 20,000 டாலருக்கு மேல். மாநிலத்துக்கு 8,992.50 டாலர் போனது. ஊரின் பொதுச் செலவுக்கு 4,471.25 டாலர், வழக்கு நடத்தியவருக்கு 1,796.50 டாலர், மேயருக்கு 696.35 டாலர். மேயரின் பங்கு மாதத்துக்கு ஏறக்குறைய 100 டாலர். பிடித்தவர், வழக்காடியவர், தீர்ப்பளித்தவர், ஊர் ஆகிய நால்வரும் ஒரே தொகையிலிருந்து பங்கு பெற்றார்கள். ‘குற்றவாளி’ என்ற சொல் வந்தால்தான் அந்தத் தொகை பிறக்கும்.

1927ஆம் ஆண்டுத் தீர்ப்பு

மேயர் இவ்வழக்கை விசாரிக்கத் தகுதியற்றவர் என்று டூமி தொடக்கத்திலேயே ஆட்சேபித்தார். மேயர் அதைத் தள்ளினார். மாவட்ட நீதிமன்றம் டூமி பக்கம் நின்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் மேயரின் தீர்ப்பை மீட்டது. மாநில உச்ச நீதிமன்றமோ, விவாதிக்கத்தக்க அரசியலமைப்புக் கேள்வி எதுவும் இதில் இல்லை என்று மனுவைத் தள்ளுபடி செய்தது. வாஷிங்டனில் ஒஹையோ தரப்பில் நின்றவர்களுள் ஒருவர், மதுவிலக்கு இயக்கத்தின் பெருந்தலைவராகிய வெய்ன் வீலர்.

நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக அளித்த தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட். அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவரான இவர், வழக்கு எழுந்த அதே ஹாமில்டன் மாவட்டத்தின் சின்சினாட்டியில் பிறந்து, அங்கேயே நீதிபதியாகவும் பணியாற்றியவர்.

பழைய ஆங்கில நடைமுறைகளை ஆராய்ந்த டாஃப்ட், தண்டனை அளித்தால் மட்டும் நீதிபதிக்குப் பணம் என்ற ஏற்பாடு அந்தப் பொதுச்சட்ட மரபில் ஊன்றியதல்ல என்று முடிவுகட்டினார். 12 டாலர் அற்பத் தொகை, பொருட்படுத்தத் தக்கதல்ல என்ற வாதத்தையும் அவர் ஏற்கவில்லை. அவர் வகுத்த அளவுகோலே இத்தீர்ப்பின் நிலைத்த பயன். மேயர் உண்மையில் நேர்மை தவறினாரா என்று நிறுவத் தேவையில்லை. அந்த இருக்கையில் அமரும் சராசரி மனிதர் ஒருவருக்கு, துலாக்கோலை நேராகப் பிடிக்க விடாத ஆசை தோன்ற இடமிருக்கிறதா என்று பார்த்தாலே போதும். இடமிருந்தால் அந்த விசாரணை அரசியலமைப்பின் 14ஆவது திருத்தம் உறுதியளிக்கும் உரிய சட்ட நடைமுறை ஆகாது. டூமிக்கு எதிரான சான்று எவ்வளவு வலுவானதாக இருந்தாலும், நடுவுநிலையான நீதிபதியைப் பெறும் உரிமை அவருக்கு உண்டு.

சட்டைப் பையிலிருந்து ஊர்க் கருவூலத்துக்கு

மேயருக்கு இரு ஆசைகள் இருந்ததை டாஃப்ட் சுட்டியிருந்தார்: தம் வரும்படி ஒன்று, தாம் ஆளும் ஊரின் வருமானம் மற்றொன்று. முதலாவதை நீக்கி இரண்டாவதை மட்டும் விட்டுவைத்தால் போதுமா?

அடுத்த ஆண்டே ‘டூகன் எதிர் ஒஹையோ’ வழக்கு வந்தது. ஸீனியா நகர மேயருக்கு நிலையான சம்பளம்; தண்டித்தாலும் விடுவித்தாலும் அது மாறாது. ஐந்து ஆணையர்களில் அவர் ஒருவர். நிர்வாகம் நகர மேலாளர் கையில். இங்கே ஆசைக்கான இடம் மிகத் தொலைவில் இருப்பதாகக் கண்ட நீதிமன்றம் தண்டனையை 1928இல் உறுதிசெய்தது.

எதிர்த்திசையில் எல்லையைக் குறித்தது 1972ஆம் ஆண்டின் ‘வார்டு எதிர் மன்ரோவில்’ தீர்ப்பு. இரண்டு போக்குவரத்துக் குற்றங்களுக்குத் தலா 50 டாலர் அபராதம் விதித்த மன்ரோவில் மேயர், தமக்கென ஒரு டாலரும் பெறவில்லை. ஆனால் ஊரின் நிதிப் பொறுப்பு அவர் தோளில் இருந்தது. 1964இல் ஊரின் மொத்த வருவாய் 46,355.38 டாலர், அதில் மேயர் நீதிமன்றத்திலிருந்து வந்தது 23,589.50 டாலர், பாதிக்கும் மேல். இந்த வருவாய்க்கு ஆபத்து வந்தபோது ஊர், ஆலோசனை சொல்ல நிர்வாக வல்லுநரையே அமர்த்தியது. ஊர்க் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீதிபதியாக இருக்க முடியாது என்று நீதிபதி பிரென்னன் எழுதினார், இருவர் மாறுபட்டனர். பிறகு மேல்நீதிமன்றத்தில் புதிதாக விசாரணை பெறலாமே என்ற சமாதானத்தையும் தீர்ப்பு ஏற்கவில்லை. முதல் படியிலேயே நடுவுநிலை வேண்டும் என்றது.

ஐந்து டாலர் ஆணை

1977இல் ஜார்ஜியா மாநிலத்திலிருந்து வந்த ‘கானலி’ வழக்கு, பழைய நோயை அதன் மிக எளிய வடிவில் காட்டியது. அங்கே அமைதி காக்கும் நீதிபதிக்குச் சம்பளம் கிடையாது. காவல்துறை கேட்கும் சோதனை ஆணையில் கையெழுத்திட்டால் 5 டாலர், மறுத்தால் ஒன்றுமில்லை. பிழைப்புக்காகவே இந்தப் பணியில் இருப்பதாகச் சாட்சியத்தில் ஒப்புக்கொண்ட அந்த நீதிபதி, சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10,000 ஆணைகள் வழங்கியிருந்தார். டூமி விதியின் நேரடிப் பயன்பாடு இது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அம்முறையை நீக்கியது. வீட்டுக்குள் காவலர் நுழையலாமா என்று முடிவெடுப்பவர், ‘கூடாது’ என்று சொல்வதற்காகத் தம் சாப்பாட்டை இழக்கும்படி வைக்கலாகாது.

நீதிமன்றத்தின் பொது நிதி

அண்மைக் காலத்தில் இக்கேள்வி நீதிமன்றத்தின் நடைமுறைச் செலவுக்கு நகர்ந்திருக்கிறது. 2015 மார்ச்சில் அமெரிக்க அரசின் நீதித்துறை ஃபெர்கூசன் நகரைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, அந்நகரின் காவல்துறையும் நீதிமன்றமும் வருவாய் நோக்கால் வடிவமைந்திருந்ததைக் காட்டியது. 2010இல் 13.8 லட்சம் டாலராக இருந்த அபராத, கட்டண வருவாயை 2015இல் 30.9 லட்சமாக உயர்த்த நகரம் திட்டமிட்டிருந்தது.

நியூ ஆர்லியன்ஸில் பிணைத்தொகையின் ஒரு பங்கு, 1.8 விழுக்காடு, நீதிமன்றச் செலவு நிதிக்குச் சென்றது. அந்த நிதியில் ஏறத்தாழ 20 முதல் 25 விழுக்காடு இவ்வழியில் வந்தது. பிணையை நிர்ணயிக்கும் மாஜிஸ்ட்ரேட்டின் சம்பளம் அதிலிருந்து தரப்படவில்லை. ஊழியர் சம்பளமும் அலுவலகச் செலவும் தரப்பட்டன. பிணையை உயர்த்தினால் நிதி வளரும். 2019இல் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் இதுவும் டூமி, வார்டு விதிகளை மீறுவதாகத் தீர்ப்பளித்தது.

முடிவுரை

டூமியில் மேயரின் சட்டைப் பை, வார்டில் ஊரின் கருவூலம், கானலியில் ஆணைக்கு ஐந்து டாலர், நியூ ஆர்லியன்ஸில் நீதிமன்றத்தின் பொது நிதி எனப் பணம் சேரும் இடம் மாறிக்கொண்டே வந்தது. நீதிமன்றங்கள் கையாண்ட அளவுகோல் மாறவில்லை. ஒவ்வொரு முறையும் வழக்காடியவர், எதிரே இருந்த நீதிபதி கெட்டவர் என்று மெய்ப்பிக்கத் தேவையில்லாமலேயே வென்றார். அதுவே இவ்விதியின் அறம்: நேர்மையானவரையும் அது காக்கிறது. ஃபீல்டிங்கைப் போன்றவர்கள் நேர்மைக்கு ஆண்டுக்கு 200 பவுண்டு விலை கொடுக்கும் நிலையை அது ஒழிக்கிறது.

ஆகவே, தண்டிக்கவும் அனுமதிக்கவும் அதிகாரம் பெற்ற எந்த உள்ளூர் அதிகாரியின் ஊதிய விதியை ஆராய்ந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, அவருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பதன்று. அவர் ‘இவர் குற்றமற்றவர்’ என்று சொல்லும் நாளில் அவருக்கோ அவர் காக்க வேண்டிய கருவூலத்துக்கோ எவ்வளவு குறைகிறது என்பதே. நார்த் காலேஜ் ஹில்லில் அந்த விடை 12 டாலர். அது சுழியமாக இருந்திருந்தால் டூமிக்கு வாஷிங்டன்வரை போகவேண்டிய தேவை வந்திருக்காது.