பிரியா (சித்திரக்கதை நாயகி)

பிரியா, 2012 டிசம்பரில் தில்லியில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமையையும் அதையடுத்து எழுந்த போராட்டங்களையும் தூண்டுதலாகக் கொண்டு உருவாக்கப்பட்டு, 2014 முதல் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளிவந்த சித்திரக்கதை வரிசையின் தலைமைப் பாத்திரம். வன்கொடுமைக்கு ஆளாகி மீண்ட நாட்டுப்புறப் பெண்ணாகிய இவள், பார்வதியின் துணை பெற்றுப் புலி மீது ஏறி வந்து, பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமைகளுக்கு எதிராக மக்களிடம் பேசுகிறாள். வரிசையைத் தொடங்கியவர் ராம் தேவினேனி என்னும் இந்திய வம்சாவளி அமெரிக்க ஆவணப்பட இயக்குநர். நாளேடுகள் பலவும் இவளை இந்தியாவின் முதல் பெண் சூப்பர்ஹீரோ என்று எழுதின. அந்த முதன்மை, இவளுக்கு முந்திய நாயகியரைக் கணக்கில் கொள்ளாததாகையால், முழுவதும் ஏற்கத்தக்கதன்று.

முன்னோடிகள்

இந்தியச் சித்திரக்கதை வரலாற்றில் தில்லிக்குப் பெரும் பங்கு உண்டு. புராணக் கதைகளைச் சொல்லும் அமர் சித்ர கதா என்னும் சித்திரக்கதை வரிசை மும்பையிலிருந்து வெளிவந்ததாயினும், 1967இல் தில்லிப் புத்தகக் கடை ஒன்றின் தொலைக்காட்சிப் பெட்டியில், கிரேக்கப் புராணக் கேள்விகளுக்கு விடை சொன்ன மாணவர்கள் இராமனின் தாய் பெயரைச் சொல்ல இயலாமல் விழித்ததைக் கண்ட பிறகே அதைத் தொடங்கிய அனந்த் பைக்கு அதற்கான எண்ணம் பிறந்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் செய்தி. சித்திரக்கதை ஓவியர் பிராண், 1960இல் தில்லி மிலாப் நாளிதழில் டாபு என்னும் தொடரை வரையத் தொடங்கிப் பின்னர் சாச்சா சௌத்ரியால் நாடறிந்தவரானார். அவருடைய ஸ்ரீமதிஜியும் பிங்கியும் வீட்டையும் தெருவையும் நகைச்சுவைக் களமாக்கிய பெண் பாத்திரங்களேயன்றி வீரநாயகியர் அல்லர்.

வீரநாயகியர் தில்லியின் ராஜா பாக்கெட் புக்ஸ் நிறுவனம் 1986இல் நாகராஜ் பாத்திரத்துடன் வளர்த்தெடுத்த ராஜ் காமிக்ஸ் வரிசையில் தோன்றினர். அனுபம் சின்ஹா படைத்த சூப்பர் கமாண்டோ துருவாவின் வளர்ப்புத் தங்கை ஸ்வேதா, அண்ணன் அறியாமல் முகமூடி அணிந்து சண்டிகையாக இயங்குகிறாள். அதே நிறுவனத்தின் சக்தியோ, பெற்ற பெண் குழந்தைகளைக் கணவனிடம் பறிகொடுத்த சந்தா என்னும் இல்லத்தரசியிடம் காளியின் ஆற்றல் வந்து சேர்ந்ததால் உருவானவள். பெண் சிசுக்கொலையைச் சாகசக் கதைக்குள் கொண்டுவந்தது அக்காலத்துக்குத் துணிவான செயல். ஆனால் வெளியான ஆண்டை இதழ்களில் தெளிவாக அச்சிடும் வழக்கம் இந்திப் பாக்கெட் நூல் வெளியீட்டாளர்களிடம் உறுதியாக இருக்கவில்லை. அதனால் இப்பாத்திரங்களின் தொடக்க நாட்களைப் பற்றிய குறிப்புகள் ஒன்றோடொன்று எளிதில் பொருந்துவதில்லை. சக்தி பொதுவாக 1990களின் பிற்பகுதியில் வைக்கப்படுகிறாள்.

2006இல் விர்ஜின் காமிக்ஸ், இயக்குநர் சேகர் கபூரின் கருவிலிருந்து தேவி என்னும் வரிசையை வெளியிட்டது. தமிழில் இத்தகைய உள்நாட்டு நாயகி ஒருத்தி நிலைபெறவில்லை. எனினும் சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸ் 1984இல் தன் முதல் இதழை ஓர் ஆண் வீரருக்குக் கொடுக்காமல், பிரிட்டனின் மாடஸ்டி பிளைசியைக் கொண்ட ‘கத்தி முனையில் மாடஸ்டி’க்குக் கொடுத்தது இங்கே நினைக்கத்தக்கது.

தோற்றப் பின்னணி

2012 டிசம்பர் 16 இரவு, தில்லியில் ஓடும் பேருந்தில், இயன்முறை மருத்துவம் பயின்ற 23 வயதுப் பெண் ஒருவர் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டு, டிசம்பர் 29 அன்று சிங்கப்பூர் மருத்துவமனையில் உயிரிழந்தார். இந்தியா கேட், ரைசினா குன்று, ஜந்தர் மந்தர் ஆகிய இடங்களில் கடுங்குளிரிலும் கூட்டம் திரண்டது. காவல்துறை தண்ணீர் பீய்ச்சியும் கண்ணீர்ப்புகை வீசியும் கலைக்க முயன்றது. டிசம்பர் 23 அன்று அமைக்கப்பட்ட நீதிபதி ஜே. எஸ். வர்மா குழு, லீலா சேத், கோபால் சுப்பிரமணியம் ஆகியோரை உறுப்பினராகக் கொண்டு, ஏறத்தாழ 80,000 கருத்துரைகளைப் பெற்று, 2013 ஜனவரி 23 அன்று அறிக்கை அளித்தது. அதன் வழியே வந்த 2013ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்தம் பின்தொடர்தல், அமில வீச்சு முதலியவற்றைத் தனிக் குற்றங்களாக்கிற்று. திருமண உறவுக்குள் நிகழும் வன்புணர்வையும் குற்றமாக்க வேண்டும் என்ற குழுவின் பரிந்துரை ஏற்கப்படவில்லை.

அப்போது தில்லியில் இருந்த தேவினேனி போராட்டங்களில் கலந்துகொண்டார். அங்கே காவலர் ஒருவரிடம் நிகழ்ச்சியைப் பற்றிக் கேட்டபோது, நல்ல பெண் இரவில் தனியே நடக்கமாட்டாள் என்ற பொருளில் அவர் விடையளித்ததாகவும், குற்றத்தின் வேர் சட்டத்தில் அல்லாமல் இத்தகைய மனப்பாங்கில் இருப்பதை அவ்விடையே தமக்கு உணர்த்தியதாகவும் தேவினேனி நேர்காணல்களில் கூறியுள்ளார். ஆவணப்படமே தொழிலாகக் கொண்டவர் சித்திரக்கதையை நாடியதற்கு, பதின்வயதினரைச் சென்றடைய வேண்டும் என்ற நோக்கமும், அமர் சித்ர கதாவைப் படித்து வளர்ந்த தலைமுறைக்குத் தெய்வங்கள் பேசும் சித்திரக்கட்டங்கள் அந்நியமானவை அல்ல என்பதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

முதல் இதழ்: பிரியாவின் சக்தி (2014)

தேவினேனியும் விகாஸ் மேனனும் எழுத, அமெரிக்க ஓவியர் டான் கோல்ட்மன் வரைய, சமூகத் தாக்கத்துக்கான திட்டமிடலில் லீனா ஸ்ரீவஸ்தவா துணைநின்ற முதல் இதழ், 2014 டிசம்பரில் மும்பையில் நடந்த காமிக்ஸ் விழாவையொட்டி வெளியாயிற்று. ஆசிரியராக யாரைக் குறிப்பது என்பதில் பதிவுகள் வேறுபடுகின்றன. சில தேவினேனியை மட்டும் படைப்பாளராகக் கொள்கின்றன, சில கோல்ட்மனையும் சேர்க்கின்றன.

ஆசிரியையாக விரும்பிய பிரியாவைத் தந்தை பள்ளியிலிருந்து நிறுத்திவிடுகிறார். வளர்ந்தபின் ஊர் ஆடவரால் வன்கொடுமைக்கு ஆளாகும் அவளை, குடும்பமே குற்றவாளியாக்கி விலக்குகிறது. அவள் முறையீட்டைக் கேட்ட பார்வதி துயருற, சினங்கொண்ட சிவன் மனிதகுலம் இனிப் பிள்ளைப்பேறு அடையாதவாறு சபிக்க, தேவர்களிடையே போர் மூள்கிறது. கதையின் சிறந்த பகுதி தேவலோகத்தில் இல்லை, காட்டில் இருக்கிறது. பிரியாவை நெடுநேரமாகப் பின்தொடர்ந்து அச்சுறுத்தும் புலியை, ஓடுவதை நிறுத்தித் திரும்பி நின்று அவள் எதிர்கொள்கிறாள். அச்சமாக இருந்த அதே விலங்கு அவளுக்கு ஊர்தியாகிறது. துணிவு என்ற பொருளில் சாகஸ் எனப் பெயர் பெற்ற இப்புலி பின்வந்த இதழ்களிலும் தொடர்கிறது. துர்க்கையின் ஊர்தியை நினைவூட்டும் இப்படிமத்துக்கு விளக்கக் குறிப்பு எதுவும் தேவைப்படாமை அதன் வலிமை.

பிரியாவுக்குப் பறக்கும் திறனோ இரும்பை வளைக்கும் தோள்வலியோ தரப்படவில்லை. குற்றம் செய்தவரை அவள் கொல்வதும் இல்லை. ஊர் ஊராகச் சென்று, பாதிக்கப்பட்டவரைப் பழிக்கும் வழக்கத்தைக் கைவிடுமாறு பேசுவதே அவள் செயல். இதனால் அவளைச் சூப்பர்ஹீரோ என்று வகைப்படுத்தலாமா என்பதிலும் ஒருமித்த கருத்தில்லை. ஆற்றலைக் காளியிடம் கடனாகப் பெற்ற ராஜ் காமிக்ஸ் சக்தியுடன் ஒப்பிடுகையில் பிரியா தேவியிடம் பெறுவது குறைவு, தானே தேடிக்கொள்வது மிகுதி என்பதே இருவருக்கும் உள்ள முதன்மையான வேறுபாடாகத் தோன்றுகிறது.

இதழின் பக்கங்களை அலைபேசிச் செயலி ஒன்றின் வழியே பார்த்தால், அச்சிட்ட படத்தின் மேல் அசைபடங்களும் மீண்டெழுந்த பெண்களின் வாக்குமூலங்களும் தோன்றும். காணும் பொருள்மீது கணினிப் படத்தைப் பொருத்திக் காட்டும் இந்த உத்தி மிகைமெய்த் தொழில்நுட்பம் எனப்படுகிறது. மும்பையில் திரைப்படப் பதாகை ஓவியர்களைக் கொண்டு வரையப்பட்ட சுவரோவியங்களும் இவ்வாறே உயிர்பெற்றன. ஐக்கிய நாடுகள் அவையின் பெண்கள் அமைப்பு பிரியாவைப் பாலினச் சமத்துவத்துக்கான போராளியாகப் பாராட்டிற்று.

வரவேற்பு ஒருபடித்தானதாக இல்லை. நல்ல அலைபேசி இல்லாத ஊர்களின் பெண்களைப் பற்றிய கதையை அலைபேசியில் பார்க்கவைத்ததும், இந்துத் தெய்வங்களை மட்டுமே மீட்பராகக் காட்டியதும் கேள்விக்குள்ளாயின. தில்லிப் பேருந்தில் நடந்த கொடுமையால் பிறந்த கதை, மாநகரை விட்டுவிட்டு நாட்டுப்புறத்தைக் களமாகக் கொண்டதும் கவனிக்கத்தக்கது. எங்கும் நடப்பதைப் பொதுமைப்படுத்தும் நோக்கம் என இதற்கு அமைதி கூறலாம், நகரத்து வாசகருக்கு விலகி நிற்க வசதி தருவது என்று குறையும் கூறலாம். அந்த வெற்றிடத்தை ஓரளவு நிரப்பியது தில்லியின் சுபான் பதிப்பகம் 2015இல் வெளியிட்ட, பதினான்கு பெண் ஓவியர்களின் ‘டிராயிங் த லைன்’ தொகுப்பு. அதில் வீரநாயகி எவளும் இல்லை. இரவில் தெருவில் நடப்பதும், பெண்ணின் தோல் நிறத்தை உறவினர் எடைபோடுவதுமே பொருள். கருநிறத்தைப் பேசும் ஹரிணி கண்ணன், பாவனா சிங் ஆகியோரின் பக்கங்கள், சாகச வரிசைகள் பொதுவாகத் தொடாத ஒன்றைத் தொட்டன.

நாயகிக்குத் தெய்வத்தைத் துணையாக்குவதைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் 1975இல் லென் வைனும் டேவ் காக்ரமும் படைத்த கறுப்பின நாயகி ஸ்டார்ம், எக்ஸ்-மென் குழுவில் சேருமுன் கென்யாவில் தெய்வமாக வழிபடப்பட்டவளாகவே அறிமுகமாகிறாள். ஒடுக்கப்பட்ட பெண்ணை வீரமுடையவளாக்கத் தெய்வத்தன்மையைத் துணைக்கு அழைப்பது இந்தியாவுக்கு மட்டும் உரிய உத்தி அன்று என்பதற்கு இது சான்று.

பிந்தைய இதழ்கள்

இரண்டாம் இதழான பிரியாவின் கண்ணாடி (2016), உலக வங்கியின் ஆதரவுடன், பரோமிதா வோரா, தேவினேனி ஆகியோரின் எழுத்தில் வெளிவந்தது. அமில வீச்சிலிருந்து மீண்ட பெண்களை அகங்காரன் என்னும் அரக்கன் தன் கோட்டைக்குள் சிறைவைக்க, தங்கள் முகத்தைத் தாங்களே அஞ்சாமல் பார்க்கச் செய்து பிரியா அவர்களை மீட்கிறாள். புதுதில்லி, நியூயார்க், கொலம்பியாவின் பொகோட்டா ஆகிய நகரங்களில் வாழும் மீண்டெழுந்தோரின் அனுபவங்கள் இதற்கு அடிப்படையாயின. 2005இல் தில்லியில் அமில வீச்சுக்கு ஆளான லட்சுமி அகர்வால் தொடுத்த பொதுநல வழக்கில், அமில விற்பனையைக் கட்டுப்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் ஆணையிட்டிருந்த சூழலில் இவ்விதழ் வந்தது.

மூன்றாம் இதழ் (2019) பெண் கடத்தலைப் பற்றியது. ராகு ஆளும் விலைமகளிர் நகரத்திலிருந்து பிரியா பெண்களை மீட்கிறாள். கொரோனா பெருந்தொற்றின்போது 2020 டிசம்பரில் வந்த பிரியாவின் முகக்கவசம், புதுதில்லியிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தின் ஆதரவுடன் குறும் அசைபடமாகவும் வெளியாயிற்று. வித்யா பாலன் சாகஸ் புலிக்கும் மிருணாள் தாக்கூர் பிரியாவுக்கும் குரல் கொடுத்தனர். பாகிஸ்தானின் பர்தா அணிந்த அசைபட வீராங்கனையான ஜியா அதில் பிரியாவுடன் சேர்ந்து தோன்றுவது, இரு நாடுகளின் உறவு சீர்கெட்டிருந்த நேரத்தில் அரிய நிகழ்வு. அதன் பின் சுற்றுச்சூழலைப் பொருளாகக் கொண்ட மற்றோர் இதழும் வெளிவந்துள்ளது.