கிளாடிஸ் யாங்கின் வீடு

சீனாமேல் பைத்தியமாகிப் போன வெள்ளைக்காரர்கள் நிறையப் பேர். பாதிப் பேர் சில வருஷம் இருந்து, ஒரு புத்தகம் எழுதி, கப்பலேறிவிட்டார்கள். கிளாடிஸ் கதை வேற. அவர் பிறந்ததே பீக்கிங்கில், 1919ல், பிரிட்டிஷ் மிஷனரி குடும்பத்தில். படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் முதலில் எடுத்த பாடம் பிரெஞ்சு. அங்கேதான் தியென்ஜின் வங்கிக் குடும்பத்துப் பையன் யாங் சியன்யியைச் சந்தித்தார். பாடம் சீனத்துக்கு மாறியது. அந்தப் பல்கலைக்கழகத்தில் சீன மொழியில் பட்டம் வாங்கிய முதல் ஆள் இவர்தான்.

1940ல் ஐரோப்பா பற்றி எரிகிறது, சீனாவில் ஜப்பான் குண்டு போடுகிறது. அப்போதுதான் இரண்டு பேரும் சீனா கிளம்புகிறார்கள்! அடுத்த வருஷம் சுங்கிங்கில் கல்யாணம்.

1950களில் பெய்ஜிங்கில், வெளிநாட்டு மொழிகள் பதிப்பகத்தில் வேலை. யாங் மூலத்தைப் பார்த்து வரைவைச் சொல்ல, கிளாடிஸ் ஆங்கிலத்தைச் செதுக்குவார். லூ சுன்னை உலகம் இவர்கள் வழியாகத்தான் பெரும்பாலும் படித்தது. எதை மொழிபெயர்க்கணும் என்று முடிவு பண்ணுவது மட்டும் மேலே இருந்தவர்கள்.

1968ல் கலாசாரப் புரட்சி வீட்டுக்குள் வந்தது. இருவரும் கைது. ஒற்றர்கள் என்று சந்தேகம். நாலு வருஷம் தனித்தனியே சிறை. கிளாடிஸுக்குத் தனிமைச் சிறை. வெளியே வந்ததும் அதே மேசைக்குத் திரும்பினார்கள். சிறைக்கு முன்பே தொடங்கியிருந்த 'சிவப்பு மாளிகையின் கனவு' பாதியில் கிடந்தது. 120 அத்தியாயம், ஒரு பெரிய வீடு மெல்ல நொறுங்கும் கதை. மூன்று தொகுதிகளாக 1978லிருந்து 1980க்குள் வெளிவந்தது. (இதே நாவலுக்காக ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர் வேலையையே விட்டவர் டேவிட் ஹாக்ஸ். ஆங்கில வாசகர்களில் பலருக்கு அவருடையதுதான் பிடிக்கும். வாசிக்க அதுதான் சுகம், உண்மை. ஆனால் யாங் தம்பதியின் பிரதி எந்த வீட்டில் இருந்துகொண்டு செய்தது என்பதை நான் மறக்க மாட்டேன்.)

அந்த வருஷங்களில்தான் மகன் உடைந்துபோனார். பெற்றோர் சிறையில், பையன் தலைநகரைவிட்டு எங்கோ தொழிற்சாலையில், முகத்தில் பாதி வெள்ளைக்காரத்தனம். ஒரு கட்டத்தில், நான் சீனனே இல்லை, ஆங்கிலேயன் என்றார். சீனம் பேச மறுத்தார். லண்டனில் கிளாடிஸின் சகோதரியிடம் அனுப்பினார்கள். 1979ல் அங்கே உயிரை மாய்த்துக்கொண்டார்.

சீனாவை நேசித்ததுக்கு கிளாடிஸ் பெரிய விலை கொடுத்தார் என்று எழுதுவார்கள். எனக்கு அது சுலபமான வாக்கியமாகப் படுகிறது. அவருக்கு ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு தேர்வு இருந்தது: பிரெஞ்சா, சீனமா? இங்கிலாந்தா, சுங்கிங்கா? மகனிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. தன் அம்மா ஆசையாகத் தேடிப்போன ஊரிலிருந்து, அம்மா விட்டுவந்த ஊருக்கு ஓடப் பார்த்தவர் அவர்.

அதற்கப்புறமும் கிளாடிஸ் பெய்ஜிங்கைவிட்டுப் போகவில்லை. குடி அதிகமானது. வேலையும் நிற்கவில்லை: பல வருஷமாக ஓரங்கட்டப்பட்டிருந்த ஷென் சொங்வென்னின் கதைகள், பிறகு சாங் ஜியே போன்ற புதுப் பெண் எழுத்தாளர்கள். இவற்றைத் தனியாகவே செய்தார். 1999ல் இறந்ததும் பெய்ஜிங்கில்தான்.