படம் போனாலும் பேர் கிடக்கும்

சாம்பல்தீவில இருந்து பஸ் ஏறினால் உப்புவெளியைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில திருகோணமலை ரவுண் வந்துவிடும். எங்கட அம்மம்மாமாரும் அப்பப்பாமாரும் இந்த வழியாலதான் படம் பார்க்கப் போனவங்க. என்ன படம் பார்த்தீங்கள் எண்டு கேட்டால் எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களை வரிசையாகச் சொல்லுவாங்க. "திருகோணமலை ஆக்களும் ஒரு படம் எடுத்தவங்களே, அது ஞாபகம் இருக்கா?" எண்டு கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசிப்பாங்க.

அந்தப் படத்தின் பெயர் 'தென்றலும் புயலும்'. வெளிவந்தது 1978 இல். தயாரித்தவர் திருகோணமலையைச் சேர்ந்த மருத்துவர் எஸ். ஆர். வேதநாயகம். இயக்கியவர் எம். ஏ. கபூர். நாங்கள் இந்தப் படத்தைப் பார்த்ததில்லை. பார்க்காத படத்தைப் பற்றி இவ்வளவும் எங்களுக்குத் தெரிவதற்கு ஒரே காரணம், யாரோ ஒருவர் அதை எழுதி வைத்ததுதான். சினிமாவைப் பற்றி எழுதுகிற பத்திரிகையாளர். "அதெல்லாம் ஒரு எழுத்தா?" எண்டு வீட்டில சிரிக்கிற அந்த வேலையைச் செய்த சிலரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அந்தச் சிரிப்பும் சும்மா வந்ததில்லை. அதை விளங்கிக்கொள்ள 1940களின் சென்னைக்குப் போகவேண்டும். சி. என். லட்சுமிகாந்தன் என்பவர் 'சினிமா தூது' என்ற பத்திரிகையை நடத்தினார். நடிகர் நடிகையரின் அந்தரங்கங்களை எழுதுவதுதான் அதன் சரக்கு. எம். கே. தியாகராஜ பாகவதர், என். எஸ். கிருஷ்ணன் முதலானோர் ஆளுநரிடம் முறையிட்டார்கள், பத்திரிகையின் அனுமதி போனது. லட்சுமிகாந்தன் விடவில்லை. 'இந்து நேசன்' என்ற இன்னொரு பத்திரிகையில் அதையே தொடர்ந்தார். 1944 நவம்பரில் வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு, அடுத்த நாள் மருத்துவமனையில் இறந்துபோனார். பாகவதரும் கிருஷ்ணனும் கைதாகி, 1945 இல் ஆயுள் தண்டனை பெற்றார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய்த் திரும்பி, 1947 இல் இருவரும் விடுதலையானார்கள். பாகவதருக்குப் பழைய மவுசு பிறகு திரும்பவே இல்லை. கொலை செய்தது யார் என்ற கேள்வி இன்றைக்கும் அப்படியே கிடக்கிறது.

ஒரு உயிர் போனது, இரண்டு பெரிய கலைஞர்களின் வாழ்க்கை உடைந்தது. கிசுகிசு என்பது பொழுதுபோக்கு மட்டும் இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். ஆனால் இதே சென்னையில்தான் இந்தத் தொழிலின் மறுபக்கமும் தொடங்கியது.

'ஃபிலிம் நியூஸ்' என்ற பத்திரிகைக்குப் படம் பிடித்துக் கொடுத்த ஆனந்தன் என்ற இளைஞர், ஒருநாள் எம்.ஜி.ஆரின் அலுவலகத்தில் 'நாடோடி மன்னன்' படத்தின் புகைப்படங்களைப் பார்க்கிறார். பத்திரிகைகளுக்குத்தானே கொடுக்கவேண்டும், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று கேட்டு வாங்கிப் போகிறார். படங்கள் பத்திரிகைகளில் வெளிவருகின்றன. 1958 இல் வந்த அந்தப் படத்தோடு தமிழ் சினிமாவில் 'மக்கள் தொடர்பாளர்' என்ற தொழிலே பிறந்தது. பத்திரிகையின் பெயர் அவருடைய பெயரோடு ஒட்டிக்கொள்ள, அவர் 'ஃபிலிம் நியூஸ்' ஆனந்தன் ஆனார்.

ஆனால் அவரை இன்றைக்கு நினைப்பது அதற்காக இல்லை. வெளிவருகிற ஒவ்வொரு தமிழ்ப் படத்தின் விபரத்தையும் அவர் எழுதிச் சேர்த்தார். எந்தக் கம்பனி, யார் இயக்கம், யார் யார் நடிப்பு, யார் இசை, எந்தத் திகதியில் வெளியீடு. யாரும் சொல்லிச் செய்த வேலை இல்லை. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு சேர்த்த அந்தக் குறிப்புகள் 2004 இல் 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' என்ற பெரிய புத்தகமாக வந்தன. 2016 இல் அவர் காலமானார். பழைய தமிழ்ப் படங்களில் கனக்க இன்றைக்குப் பிரதியே இல்லாமல் போய்விட்டன. அப்படிப் போன படங்களுக்கு, இருந்ததற்கான சாட்சி இப்படிப்பட்ட குறிப்புகள்தான்.

இனி எங்கட பக்கம் வருவோம். இலங்கையில் தமிழ் சினிமாவைப் பற்றி எழுதுவது சென்னையில் எழுதுவதுபோல இல்லை. அங்கே நட்சத்திரம் இருக்கு, வாசகர் இருக்கு. இங்கே படமே அபூர்வம். 'சமுதாயம்' 1962 இல் வந்தது. பிறகு ஒன்று இரண்டாக வந்து, 1970களில்தான் வேகம் பிடித்தது. 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைந்தது, இந்தியப் படங்களின் இறக்குமதி கட்டுப்பாட்டுக்குள் வந்தது. உள்ளூர் ஆக்கள் துணிந்தார்கள். கட்டடக் கலைஞர் ஒருவர் 'குத்துவிளக்கு' எடுத்தார். சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தை வைத்துத் தமிழிலே 'பொன்மணி' எடுத்தார். செங்கை ஆழியானின் நாவல் 'வாடைக்காற்று' படமானது. அந்த அலையில்தான் எங்கட மருத்துவரின் படமும் வந்தது.

இந்தப் படங்களுக்குப் பக்கத்தில் நின்று எழுதியவர்களில் இரண்டு பேரையாவது எங்கட வயசு ஆக்கள் தெரிந்து வைத்திருக்கவேண்டும்.

ஒருவர் மட்டக்களப்பில் 1936 இல் பிறந்த கே. எஸ். சிவகுமாரன். வானொலியிலும் பத்திரிகைகளிலும் வேலை செய்தவர், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். தமிழ் வாசகருக்கு உலக சினிமாவையும், ஆங்கில வாசகருக்குத் தமிழ் எழுத்தையும் சொல்லிக்கொண்டே இருந்தார். சினிமாவை இலக்கியம்போல உட்கார்ந்து கதைக்கலாம் என்று பத்திரிகைப் பத்தியிலேயே காட்டியவர். 2022 இல் காலமானார்.

மற்றவர் தம்பிஐயா தேவதாஸ். தொழிலால் ஆசிரியர், சிங்கள நாவல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். 1994 இல் வந்த அவருடைய 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை' இல்லாமல் இந்தத் துறையில் யாராலும் ஒரு பக்கம்கூட எழுத முடியாது. ஓடின படம், ஓடாத படம் எண்டு பாகுபாடு பார்க்காமல் எழுதினார். ஓடாத படத்தை எடுத்தவனும் வீட்டை வித்து, கடன் பட்டு எடுத்திருப்பான்தானே. அவனுக்கும் ஒரு பக்கம் வேணும்.

அந்தப் புத்தகம் வந்த ஆண்டைக் கொஞ்சம் கவனியுங்கோ. அதற்குப் பதினொரு வருசம் முன்னம், 1983 ஜூலையில், சினிமாஸ் குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. உள்ளே இருந்த படச்சுருள்கள் சாம்பலாகின. தமிழருடைய ஸ்ரூடியோ எண்டுதான் கொளுத்தினாங்க. எரிந்ததில் சிங்களப் படங்களின் மூலப்பிரதிகளும் கனக்க. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த அதே நாட்களில் 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. பத்திரிகை எரிந்தால் அரசியல் செய்தி மட்டுமா போகும்? எந்தத் தியேட்டரில் என்ன படம், எத்தனை மணிக்கு என்ற விளம்பரமும் சேர்ந்துதான் போகும். ஒரு ஊர் எப்படிச் சிரித்தது, எதுக்கு அழுதது என்பதற்கு அதைவிட வேறு பதிவு கிடையாது.

தொலைக்காட்சியின் கதையும் இதுதான். இலங்கைக்கு 1979 இல் ஐ.ரி.என். வந்தது, 1982 இல் ரூபவாஹினி வந்தது. தமிழ் நாடகங்களும் ஒளிபரப்பானது. ஆனால் ஒரு இரவு போய் முடிந்ததைப் பற்றி அடுத்த ஞாயிறு பத்திரிகையில் யாராவது நாலு வரி எழுதியிருந்தால் மட்டுமே அதன் பேர் இண்டைக்கு மிஞ்சும்.

எங்கட ஊருக்கு இது நல்லா விளங்கும். இடப்பெயர்வில் வீட்டை விட்டு ஓடினபோது யாரும் சினிமாப் பாட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடேல்ல. மிச்சம் இருந்த அல்பங்களையும் கடிதங்களையும் 2004 மார்கழியில் கடல் எடுத்தது. ஆளைக் காப்பாற்றினதே பெரிய காரியம். அதனால்தான் வேறு எங்கேயோ ஒரு மேசையில் இருந்து ஒருவர் எழுதி வைத்த குறிப்பு எங்களுக்கு இவ்வளவு பெறுமதி.

இப்ப எங்களில் கனபேர் கைத்தொலைபேசியிலேயே சினிமா விமர்சனம் செய்கிறோம். படம் வந்த அண்டைக்கே நட்சத்திரம் போட்டு, மொக்கை, மாஸ் எண்டு முடித்துவிடுகிறோம். அதில் பிழை இல்லை. ஆனால் சென்னைப் படத்தைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறாங்க. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் எடுக்கிற குறும்படத்தைப் பற்றிச் சொல்ல எத்தனை பேர்? கமெரா பிடித்தவர் யார், எந்த மண்டபத்தில் திரையிட்டது, எத்தனை பேர் வந்தது எண்டு யார் எழுதி வைக்கிறது?

நாங்கள் ஒரு சிஆர் கொப்பி வாங்கித் தொடங்கியிருக்கிறோம். முதல் பக்கத்தில் 'தென்றலும் புயலும், 1978'. அதற்குக் கீழே கனக்க வெற்றிடம் விட்டிருக்கிறோம். உங்கட வீட்டில் அந்தப் படத்தின் நோட்டீஸ், ரிக்கெற் துண்டு, பத்திரிகை விளம்பரம் ஏதும் கிடந்தால் எறியவேண்டாம். அந்தப் படத்தைத் தியேட்டரில் பார்த்த ஆச்சி, அப்பப்பா யாரும் இருந்தால் அவங்களோட இருந்து கதையுங்கோ, சொல்லுறதைத் திகதியோட எழுதுங்கோ. இந்தத் தொழிலைச் செய்த பெரியவங்களும் அப்படித்தான் தொடங்கினவங்க.