வேலைக்கு நடுவே ஒரு வேதாளம்



பேய்க்கதையை இலக்கியப் பந்தியில் அமர்த்தலாமா என்று முகஞ் சுளிப்போர் நம்மிடையே உளர். வேலையற்றவர் பொழுதுபோக்கும் சரக்கு அது என்பது அவர்கள் கட்சி. வரலாறோ வேறுவிதமாகப் பேசுகிறது.

விக்கிரமாதித்தன் கதையை நினைத்துப் பாருங்கள். மரத்திலே தொங்கும் பிணத்தை இறக்கிச் சுமந்து சேர்ப்பது அரசன் ஏற்ற வேலை. பிணத்துட் புகுந்த வேதாளம், வழிநடைக் களைப்புத் தெரியாதிருக்கக் கதை சொல்கிறது. அச்சமும் உழைப்பும் ஒரே தோளில் ஏறிய காட்சி அது.

12ஆம் நூற்றாண்டில் சயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில் பேய்களும் சும்மா இருப்பதில்லை. பசியால் வாடிக் கிடந்தவை, போர் முடிந்ததும் களத்திலே கூழ் சமைக்கின்றன. அஞ்சவேண்டிய இடத்தில் நமக்குச் சிரிப்பும் வருகிறது.

மேனாட்டிலும் இதே நிலைதான். பத்திரிகைத் தொழிலிலே பாடுபட்ட எட்கர் அலன் போ, கதையென்றால் அரைமணி முதல் இரண்டு மணிக்குள் ஓர் இருப்பில் படித்து முடிக்கத்தக்கதாய் இருக்கவேண்டும் என்று 1842இல் வாதிட்டார். நேரமில்லாத வாசகனுக்கு இதைவிட நல்ல நண்பர் யார்? 'டிராகுலா'வை எழுதிய பிராம் ஸ்டோக்கர், லண்டன் நாடக அரங்கொன்றின் முகாமையாளர். ஓயாத அலுவலுக்கிடையே 1890இல் குறிப்பெடுக்கத் தொடங்கியவர், 1897இலேதான் நூலை வெளியிட்டார்.

தமிழில் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' 1943இல் வந்தது. அதிலே கதை சொல்பவனும் உறக்கம் வராத ஓர் எழுத்தாளனே. நடந்தது மெய்யா, மயக்கமா என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்லாமல் விட்டுவிடுகிறார். பின்னாளில் பி.டி.சாமி போன்றோரின் மலிவுவிலை நாவல்கள் அந்த அச்சத்தைப் பேருந்துப் பயணிகளின் கைகளுக்கும் கொண்டுசென்றன.

எங்கள் சவளக்கடைப் பக்கத்து வயல்களுக்கும் இதிற் பங்குண்டு. சூடடிக்கும் களத்தில் பொலியைப் பூதம் கொண்டுபோய்விடும் என்று அஞ்சி, அதற்கு விளங்காத குழூஉக்குறிகளைப் பேசிய வழக்கம் மட்டக்களப்புத் தமிழகத்தில் இருந்தது. பேய்ப்பயம் ஒரு தனிச் சொல்வளத்தையே தந்திருக்கிறது! வயற்காவலிலே நம்மவர் கொள்ளிவாய்ப் பேயைச் சொல்ல, முஸ்லிம் நண்பர்கள் ஜின் கதை சொல்வர். அயலான் சொன்ன கதைக்கு அஞ்சுவதும் ஓர் உறவுதானே.

தொண்ணூறுகளில் அந்த உறவு முறிந்தது. இக்கரையில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் கண்டு அஞ்சினர். ஊரடங்கு இரவுகளில், வெடிச்சத்தத்தின் நடுவே, குப்பிவிளக்கின் அருகிலிருந்து சிறுவர்களாகிய நாங்கள் பேய்க்கதை படித்தோம். வெளியே அவ்வளவு பயமிருக்க, உள்ளே ஏன் இன்னொன்று என்று பெரியவர்கள் கேட்டார்கள். வெளியிலிருந்த பயத்துக்குக் கடைசிப்பக்கம் தெரியவில்லை, கையிலிருந்ததற்குத் தெரிந்திருந்தது. விடை அவ்வளவுதான்.

இன்றும் பாடக்குறிப்பு, விடைத்தாள், பரீட்சைக் கடமை எல்லாம் முடிந்தபின் எனக்கு மிஞ்சுவது அரைமணிநேரம். அதற்குள் ஒரு கதை அடங்கும். மாணவரையும் அவ்வாறே படிக்கச் சொல்கிறேன். மறுநாள் அதைப் பக்கத்து ஊர்த் தோழனுக்குச் சொல்லவும் சொல்கிறேன். மனிதரைப் பார்த்து மனிதர் அஞ்சிய மண்ணிலே, பேயைப் பார்த்து எல்லோரும் கூடி அஞ்சுவது எவ்வளவோ மேல்.